நிழல் தீட்டாத பூ

கைராய் என்ற சொல்லை முதலில் எங்கே கேட்டேன் என்று நினைவில்லை. டோக்கியோவுக்கு வந்த இந்த ஏழு ஆண்டுகளில் செய்தியிலோ கடையிலோ எப்போதாவது காதில் விழுந்திருக்கும். வெளியிலிருந்து வந்தது என்று பொருள். அது முள்ளாகத் தைத்த நாள் மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை, பெற்றோர் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள். மகள் புதுப் பள்ளியில் சேர்ந்து மூன்று வாரந்தான் ஆகியிருந்தது. அறிவியல் அறையின் பின்சுவரோரம், வீட்டிலிருந்து பையில் எடுத்துப் போன துணிச் செருப்பை மாட்டிக்கொண்டு, மற்ற அம்மாக்களோடு நின்றிருந்தேன். மகளின் மேசையைச் சுற்றி நான்கு பிள்ளைகள். நடுவே கண்ணாடிக் குவளையில் ஒரு மஞ்சள் பூ. எதிரே இருந்த பையன் அதை எடுத்துத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு உரக்கச் சொன்னான்: “இது கைராய். இங்கே இருக்கக் கூடாது. பிடுங்கிவிடலாமா, சென்செய்?” நாலைந்து பிள்ளைகள் சிரித்தார்கள். மகள் நிமிரவில்லை. பென்சில் முனையைச் சீவிக்கொண்டிருந்தாள். ஆசிரியர் அந்த மேசைக்கு வந்து குனிந்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பது என் காதில் ஏறவே இல்லை. முப்பத்தைந்து பிள்ளைகள் உள்ள அந்த வகுப்பில் கறுத்த முகம் ஒன்றே ஒன்று. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து எழுத வேண்டும் என்று உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருந்தேன். கோபமாக எழுதத் தொடங்கிய முதல் வரிகளை அழித்துவிட்டேன். அவை பொய்யில்லை. ஆனால் நடந்ததில் பாதிதான் அவற்றில் இருந்தது.

ஏப்ரல் என்றால் இங்கே புதுக் கணக்கு. பள்ளியாண்டு ஏப்ரல் முதல் தேதி பிறக்கிறது. ஆறாண்டுத் தொடக்கப் பள்ளி முடித்த பிள்ளைகள் மூன்றாண்டு நடுப்பள்ளிக்குப் போகிறார்கள். நம் கணக்கில் ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகள். சேர்க்கை விழாவன்று நாங்கள் போனபோது செர்ரி மரங்களில் பூ பெரும்பாலும் உதிர்ந்து, வாசலில் தேங்கியிருந்த மழைத்தண்ணீர் முழுக்க இளஞ்சிவப்பு இதழாக மிதந்தது. தோளில் இரண்டு அங்குலம் தொங்கும் சீருடையில் மகள் நின்றாள். மூன்று ஆண்டுக்கும் சேர்த்து அளவெடுப்பதால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தொங்கியது. எனக்கு அன்று மிகவும் பெருமையாக இருந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் பெருமை கவலையாக மாறியது. பாடமே நடக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஒரு நாள் முழுக்க வகுப்புக்கான குறிக்கோள் வாக்கியத்தைப் பேசி முடிவு செய்தார்கள். மறுநாள் எந்தக் குழுவில் யார் என்று பிரித்தார்கள்: நூலகம், ஒலிபரப்பு, உடல்நலம், தூய்மை. மகள் கைதூக்கித் தூய்மைக் குழுவில் சேர்ந்தாள். மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகளே வெள்ளை அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு பரிமாறுகிறார்கள். சாப்பிட்டதும் பெஞ்சுகளை ஒதுக்கித் தரையைப் பெருக்கி, ஈரத்துணியால் துடைக்கிறார்கள். இது தொடக்கப் பள்ளியிலேயே பழகியதுதான். ஆனால் நடுப்பள்ளி என்றால் மூன்றாம் ஆண்டில் மேனிலைப் பள்ளிக்கான நுழைவுத் தேர்வு காத்திருக்கிறதே என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மன்னார்குடியிலிருந்து நாத்தனார் போனில் கேட்டார்: “எத்தனை பாடம் முடிந்தது, அண்ணி?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கணக்கில் சுழிக்குக் கீழான எண்களைத் தொடங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். அறிவியலில் வெளியே போய்ப் பூப் பார்த்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதலாண்டில் அறிவியலுக்கு ஒதுக்கியிருப்பது 105 பாடவேளை, ஒவ்வொன்றும் 50 நிமிடம். அதில் முதல் ஐந்தாறு வேளையைப் பள்ளி முற்றத்தில் புல்லைப் பார்ப்பதற்கா செலவிடுவது? 2021ல் நடுப்பள்ளிகளில் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தில் முதலாண்டு அறிவியலின் உயிரியல் பகுதியே இப்படித்தான் தொடங்குகிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். சுற்றியுள்ள உயிர்களைப் பார், ஒப்பிடு, நீயே ஒரு அளவுகோல் வைத்துப் பிரி. பெயர்களும் வகைப்பாடும் பின்னால் வருகின்றன. பிள்ளைகள் பார்த்த செடிகளை எல்லாம் துண்டுச் சீட்டில் எழுதி மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு, ஒரு குழு வெயிலில் வளர்வது, நிழலில் வளர்வது என்று பிரித்ததாம். இன்னொரு குழு உயரத்தை வைத்துப் பிரித்ததாம். ஒரே சீட்டு ஒவ்வொரு மேசையிலும் வேறு வேறு கூட்டத்தில் போய் உட்கார்ந்ததாம். எல்லாமே சரி என்று ஆசிரியர் சொல்லிவிட்டாராம். இதை மகள் வியந்து சொன்னபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. எல்லாமே சரி என்றால் தேர்வில் எதை எழுதுவது?

கண்ணருகே லென்ஸ்

அப்போது எனக்குப் புரியாமல் போன ஒன்றை இப்போது நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். பூப் பார்ப்பதற்குக் கைலென்ஸ் கொடுத்தார்கள். நாங்கள் படித்த காலத்தில் லென்ஸைப் பூவின் மேல் பிடித்து, எட்ட நின்று, முன்னும் பின்னும் ஆட்டுவோம். அதுவும் பள்ளிக்கே ஒன்றுதான். வரிசையில் நின்று ஆளுக்குப் பத்து நொடி. இங்கே சொல்லிக்கொடுப்பது வேறு. லென்ஸைக் கண்ணோடு ஒட்டினாற்போல் பிடித்துக்கொள். அதை அசைக்காதே. பூவைக் கையில் எடுத்து, அதைத்தான் முன்னும் பின்னும் நகர்த்தித் தெளிவு வரும் இடத்தில் நிறுத்து. மரம்போல் நகர்த்த முடியாத பொருளானால் நீ முன்னும் பின்னும் போ. வீட்டில் முருங்கைக்கீரை ஆயும்போது ஒரு இலையை இப்படிப் பார்க்கச் சொன்னாள். கண்ணருகே வைத்த உடனே லென்ஸின் விளிம்பு மறைந்து, இலை நரம்பு ஆற்றுப் படுகைபோல் விரிந்தது. நாற்பத்திரண்டு வயதில் முதன்முறையாக லென்ஸில் ஒழுங்காகப் பார்த்தேன்.

அடுத்து, படம் வரைவது. எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்பில் செம்பருத்திப் பூவின் நெடுக்குவெட்டுத் தோற்றத்தை நான் வரைந்தால் மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். அல்லி வட்டத்துக்குச் சிவப்பு, புல்லி வட்டத்துக்குப் பச்சை, ஓரங்களில் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து விரலால் மெழுகிய நிழல். கரும்பலகைப் படத்தைப் பார்த்து வரைந்ததுதான். பள்ளி வேலியிலேயே செம்பருத்தி பூத்துக் கிடந்தது. அதைப் பறித்துப் பிளந்து பார்த்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் மகரந்தத்தாள், சூல்முடி, சூலகம் என்று குறித்த பெயர்கள் இன்றும் வரிசையாக வருகின்றன. அந்த ஆசிரியருக்கு நான் கடன்பட்டவள். அறுபது பிள்ளைகளையும் ஒரு லென்ஸையும் வைத்துக்கொண்டு அவரால் செய்ய முடிந்ததைச் செய்தார்.

மகளின் பள்ளியில் அறிவியல் படத்துக்கு விதிகள் உண்டு. பென்சிலை நன்றாகச் சீவிக்கொள். மெல்லிய ஒற்றைக் கோடாக வரை, கோட்டின் மேல் கோடு போடாதே. பார்க்கும் பொருளை மட்டும் வரை. பின்னால் இருக்கும் சுவர் வேண்டாம், பக்கத்தில் இருக்கும் புல் வேண்டாம். நிழல் தீட்டாதே. கறுப்பாக இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டுமானால் சிறு சிறு புள்ளி வை. தேதி, நேரம், வானிலை எழுது. அவள் வரைந்த முதல் படத்தைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. “என்ன கண்ணு, உயிரே இல்லையே” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் பார்த்த பூ தம்போபோ. வசந்தம் வந்தால் இந்த நகரத்தில் நடைபாதை வெடிப்பிலும் ரயில் பாதை ஓரத்திலும் முளைக்கும் மஞ்சள் பூ. விதை முற்றினால் வெள்ளைப் பஞ்சு உருண்டையாக நிற்கும், ஊதினால் பறக்கும். நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூ இல்லை. சாமந்தி, சூரியகாந்தி போல நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பூக்கள் ஒரு தட்டில் கூடியிருக்கின்றன. ஒரு பூவில் 143 எண்ணினாள் மகள். ஒற்றை இதழாகத் தெரியும் ஒவ்வொன்றும் ஒட்டிப் பிறந்த ஐந்து இதழ்கள். லென்ஸில் அதன் நுனியில் ஐந்து பல் தெரிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி மகரந்தம், இரண்டாகப் பிரிந்து சுருண்ட தனிச் சூல்முடி, பின்னால் விதையைத் தூக்கிப் பறக்கப்போகும் வெண்மயிர். சாமந்தியைச் சரம் சரமாகத் தொடுத்த கை இது. ஒரு சாமந்திக்குள் இத்தனை பூ இருக்கும் என்று இந்தக் கைக்குத் தெரியாது.

அந்தப் பூவின் அடியில் பாவாடை மடிப்புப்போல் பச்சைச் செதில்கள் இருக்கின்றன. டோக்கியோ வட்டாரத்தின் பழைய தம்போபோவில் அவை பூவை அணைத்தபடி நிமிர்ந்திருக்கும். நூறாண்டுக்கும் முன், மெய்ஜி பேரரசர் காலத்தில் மேற்கிலிருந்து வந்து பரவிய இனத்தில் அவை வெளிப்புறமாக மடிந்து கீழே தொங்கும். முன்னது ஸைராய், முன்பிருந்தே இருப்பது. பின்னது கைராய். அரசு 2015ல் வெளியிட்ட அயல் உயிரினப் பட்டியலில் மேற்கத்தியத் தம்போபோவும் இருக்கிறது. பூவைத் திருப்பிப் பார்த்து அந்தப் பையன் சொன்னது இதைத்தான்.

அன்றிரவு

அன்றிரவு எல்லோரும் தூங்கிய பிறகு கைப்பையிலிருந்து எங்கள் வசிப்பு அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். வெளிநாட்டவர் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அட்டை. ஸைர்யூ அட்டை என்பார்கள். மகளுடையதில் ஐந்து வயதில் வந்த நாளின் பயந்த முகம் இல்லை. அவளுக்கு அட்டை கொடுத்தபோது பதினாறு வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்குப் படம் போடவில்லை. வெற்றிடந்தான் இருக்கிறது. எனக்குத் தெரிந்த எழுத்துகள் குறைவு. ஆனால் ஸைர்யூவின் முதல் எழுத்தை மகளின் அறிவியல் நோட்டில் அன்றுதான் பார்த்திருந்தேன். ஸைராய் என்பதன் முதல் எழுத்தும் அதுவே. இருத்தல் என்று பொருள் தரும் எழுத்து. முன்பிருந்தே இருக்கும் பூவுக்கும், இருக்க அனுமதி பெற்ற எங்களுக்கும் ஒரே எழுத்து. அதைக் கண்டுபிடித்தபோது ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தேன். அழுகைதான் வந்தது.

பள்ளிக்குக் கடிதம் எழுதலாமா என்று கணவரிடம் கேட்டேன். “முதலில் அவளிடம் கேள்” என்றார். நான் கேட்கப் பயந்தேன். அவள் காயப்பட்டிருந்தால் நான் கிளறியதாகிவிடும். காயப்படவில்லை என்றால் நான்தான் அந்தக் காயத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள் ஆவேன். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களுக்கு இந்தப் பயம் தெரியும்.

மே மாத விடுமுறையில் அவளே வந்து அழைத்தாள். பள்ளி முற்றத்தில் இருப்பதெல்லாம் கைராய், ஒரு ஸைராயையாவது கண்ணால் பார்க்க வேண்டும், கூட வருகிறாயா என்றாள். எங்கள் வீடு நிஷி கசாய் பக்கம். கிழக்குக்கரையில் அராகவா ஆற்றின் கரைமேட்டுக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சள். குனிந்து குனிந்து ஐம்பதுக்கு மேல் திருப்பிப் பார்த்தோம். எல்லாம் தொங்கிய செதில். “இங்கே இருக்காது என்று சென்செய் அன்றைக்கே சொன்னார், அம்மா. நீங்கள் கேட்கவில்லையா?” என்றாள்.

கேட்கவில்லை. அன்று ஆசிரியர் அந்த மேசையில் குனிந்து சொன்னதை எட்டு நாள் கழித்து ஆற்றங்கரையில்தான் மகள் வாயிலிருந்து கேட்டேன். பிடுங்கலாமா என்று கேட்ட பையனிடம் அவர், பிடுங்கினால் அந்த இடத்தில் ஸைராய் வந்துவிடுமா என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். பழைய இனம் நெடுங்காலம் கலையாத மண்ணில் வாழ்வது. அதற்கு விதை பிடிக்க வேறொரு செடியின் மகரந்தம் வேண்டும், பூச்சி வேண்டும், அக்கம்பக்கத்தில் சொந்தங்கள் வேண்டும். மேற்கத்திய இனம் தனியாக நின்றாலும் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை வைத்துவிடும். வயலை வெட்டி, மேட்டைச் சரித்து, கடலைத் தூர்த்து மனிதர் போட்ட புது மண்ணில் அதனால் காலூன்ற முடிகிறது. பள்ளி நிற்பது தூர்த்த மண்மேல். இந்த ஆறே 1910ன் பெருவெள்ளத்துக்குப் பிறகு வெட்டத் தொடங்கி 1930ல் முடித்த வடிகால். நாங்கள் நின்ற கரை கொட்டி எழுப்பிய கரை. பூவை மட்டும் பார்க்காதே, அது நிற்கும் மண்ணையும் பார் என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் சன்னலுக்கு அழைத்துப் போய் முற்றத்தைக் காட்டினாராம். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். பிள்ளைகள் எழுந்து சன்னலுக்குப் போனதைப் பார்த்தேன். எதற்கென்று பார்க்கவில்லை.

“அவன் அப்படிச் சொன்னபோது உனக்கு எப்படி இருந்தது, கண்ணு?” என்று கடைசியில் கேட்டுவிட்டேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “அவன் பூவைச் சொன்னான், அம்மா” என்றாள். பிறகு, சற்று நடந்தபின், “தொடக்கப் பள்ளியில் வேறு ஒருவன் என்னையே சொன்னான். அது வேறு” என்றாள். அவன் யார், எப்போது, என்ன சொன்னான் என்று நான் கேட்டதற்கெல்லாம் அவள் பதில் சொல்லவில்லை. அதை அவள் தனக்கென்று வைத்திருக்கிறாள். இரண்டையும் அவள் பிரித்து வைத்திருக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. நான் ஒன்றாகச் சேர்த்துக் கட்டி எட்டு நாள் சுமந்திருந்தேன்.

அன்று மாலை வீட்டிலிருந்து வெகுதூரம் நடந்து ஒரு பழைய ஆலயத்தின் பின்புறம் போனோம். பெரிய மரங்கள், யாரும் கொத்தாத மண். நான்கு தம்போபோ நின்றன. மூன்றில் செதில் நிமிர்ந்திருந்தது. அவள் முழங்காலிட்டு உட்கார்ந்து வரையத் தொடங்கினாள். எனக்கும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தாள். கை தன்னால் பழைய பழக்கத்துக்குப் போனது. பூவின் இடப்பக்கம் பென்சிலைச் சாய்த்து மெழுகினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு அழிப்பானை நீட்டினாள். “நிழல் வேண்டாம், அம்மா. நாம் வந்தபோது அது இந்தப் பக்கம் விழுந்தது. இப்போது அந்தப் பக்கம் விழுகிறது.” அழித்தேன். தாளில் கறை இருந்தது, போகவில்லை. மறுபடி முதலிலிருந்து ஒற்றைக் கோடாக வரைந்தேன். ஒரு செதிலை வரைய அதை உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது; அதன் நுனியில் குட்டிக் கொம்புபோல் ஒரு புடைப்பு. ஏறத்தாழ அரை மணி நேரம் அந்தப் பூவைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

நான்காவது செடியில் செதில் பாதி மடிந்து பாதி நிமிர்ந்திருந்தது. இரண்டு இனமும் கலந்தவை நிறைய உண்டு, மேற்கத்தியது என்று நாம் நினைப்பதில் பலவும் கலப்புதான், கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது, மரபணுவைச் சோதித்தால்தான் தெரியும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்களாம். மகள் தன் அட்டவணையில் மூன்றாவதாக ஒரு கட்டம் இழுத்து, செதில் எத்தனை பாகை மடிந்திருக்கிறது என்று குத்துமதிப்பாக எழுதினாள். அதற்குப் பெயர் வைக்கவில்லை.

தாத்தாப்பூ

இப்படி ஒரு தலையில் பல பூ இருக்கும் செடி நம் ஊரில் களையாக முளைப்பது உண்டா என்று அவள் திரும்பி வரும் வழியில் கேட்டாள். தயங்காமல் தாத்தாப்பூவைச் சொன்னேன். வாய்க்கால் கரையில், வரப்பில், பள்ளிக்குப் போகும் மண்பாதையில், நீண்ட காம்பின் உச்சியில் மஞ்சள் நடுவும் வெளிறிய ஓர இதழுமாக நிற்கும். காம்பைச் சுருக்குப் போட்டுக் கட்டை விரலால் நெம்பித் தலையைத் தெறிக்க விடுவோம். கருக்கறுவாள் பட்டு விரல் பிளந்தால் அப்பாயி அதன் இலையைக் கசக்கிச் சாறு பிழிந்து கட்டுவார். அதனாலேயே வெட்டுக்காயப் பூண்டு என்றும் பெயர். அந்தச் சாற்றின் எரிச்சலை இப்போதும் விரலில் உணர முடிகிறது. எங்கள் மண்ணின் செடி என்று மகளிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் தேடிப் பார்த்தாள். அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி.

நான் நம்பாமல் மூன்று இடங்களில் பார்த்தேன். உண்மைதான். எந்தக் கப்பலில், எந்த மூட்டையின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்து கரையேறியதோ! வந்த இடத்தில் அதற்கு யாரோ தாத்தா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். யாரோ அதன் இலையை முதலில் புண்ணில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்பாயிக்கு அது தெரியாது, தெரிந்திருந்தாலும் பிழிந்த சாறு பிழிந்ததுதான். இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் மகளிடம் இதைப் பற்றிப் பெரிதாக ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் பல் துலக்கியபடியே கேட்டுவிட்டு, “அதன் ஓர இதழ் நுனியில் எத்தனை பல், அம்மா?” என்றாள். எனக்குத் தெரியவில்லை. டிசம்பரில் ஊருக்குப் போகும்போது கைலென்ஸ் எடுத்துப் போக வேண்டும் என்று குறித்துக்கொண்டாள்.

மே மாதக் கடைசியில் முதல் தேர்வு முடிந்தது. அறிவியலில் லென்ஸை எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருந்தார்கள், படத்தில் உள்ள தவறு எது என்றும் கேட்டிருந்தார்கள். படத்தில் யாரோ நிழல் தீட்டியிருந்தார்களாம். நாத்தனாரிடம் இதை விளக்க அரை மணி நேரம் பிடித்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இங்கே பிள்ளைகளுக்கு நானும் ஒரு லென்ஸ் வாங்கிக் கொடுக்கட்டுமா, அண்ணி?” என்றார்.

அதற்கடுத்த வாரம் தூய்மைக் குழுவுக்குக் களை பிடுங்கும் வேலை வந்தது. மழைக்காலம் தொடங்கும் முன் முற்றத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அவள் என்ன செய்வாள் என்று நான் நாள் முழுக்க யோசித்தேன். நகமெல்லாம் மண்ணோடு வந்தாள். எல்லாவற்றையும் பிடுங்கினோம் என்றாள், தம்போபோவையும்தான். பிடுங்கலாமா என்று கேட்ட அந்தப் பையனும் இவளும் சேர்ந்து ஒரு செடியைத் தோண்டினார்களாம். ஆணிவேர் போய்க்கொண்டே இருந்ததாம். 23 சென்டிமீட்டர் வரை வந்து, அதற்குமேல் உள்ளேயே அறுந்துவிட்டது. உள்ளே நின்ற துண்டு மறுபடி முளைக்கும் என்று ஆசிரியர் சொன்னதால் இருவரும் அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டு வைத்திருக்கிறார்கள். கிடைத்த வேரை ஈரத்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, பென்சிலைச் சீவி, தேதி, நேரம், வானிலை எழுதிவிட்டு, அறுந்த முனையிலிருந்து வரையத் தொடங்கினாள்.